முகத்தை வெட்டிய படம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் பாக் சுகெங் அவர்களே! விழாக் குழுவை விரல்நுனியில் நடத்தும் பாக் டார்சோனோ அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! பந்தலுக்குப் பின்னால் பாய் விரித்திருக்கும் தாய்மார்களே! ஆட்டம் எப்போது என்று மேடையோரம் முண்டியடிக்கும் இளங்காளைகளே! அனைவர்க்கும் என் சலாம்.

விடுதலைத் திருநாளில் சமைத்த பெண்கள் சார்பில் நன்றி சொல்ல என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. என் பேத்தி வெனிங் இந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். ஆண்டுதோறும் இந்த மேடையில் பாடியவள், இந்த ஆண்டு பாடக்கூடாதாம். ஏன்? அவள் பாடிய பாட்டின் படம் கைப்பேசிதோறும் ஓடிற்றாம். ஊர் மானம் போயிற்றாம்!

என்ன பாட்டு அது? ஹாங்காங்கில் அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டுத் தன் பிள்ளையின் குரலுக்கு ஏங்கும் தாயின் பாட்டு. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் அவள் பாடியபோது நானும் இருந்தேன். மேளம் முழங்கிற்று, அவள் இடை அசைந்தது. ஆம், அசைந்தது! அந்த மேளத்துக்கு அசையாத உடம்பு இந்த ஜாவாவில் எது? பாக் டார்சோனோ, சற்றுமுன் மேசைக்கடியில் உங்கள் கால் என்ன செய்துகொண்டிருந்தது? சிரிக்காதீர்கள், பாவம் அவர்.

அன்று பெண்கள் எங்கே பார்த்தார்கள்? அவள் கண்களைப் பார்த்தார்கள். அயல்நாட்டு வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மணப்பெண்ணின் தாய், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். படத்தில் அந்தக் கண்கள் எங்கே? அந்தக் கண்ணீர் எங்கே? மேடைக்குக் கீழே குந்தியிருந்து எடுத்தது இடுப்பு, மீண்டும் இடுப்பு, மீண்டும் மீண்டும் இடுப்பு! பாட்டு முடியும்வரை முகமே இல்லை.

எடுத்தவனைத் தேடி அவன் கடைக்கே போனேன். அதோ, கேமராவுக்குப் பின்னால் குனிகிறானே, அந்த யோயோக் பயல்தான்.

"ஏன்டா, என் பேத்திக்குத் தலையே இல்லியா?"

"கோச்சுக்காதீங்க பாட்டி. மூஞ்சியக் காட்டினா எவன் பாக்குறான்?"

"நீ பொறந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன்டா. 'எம் புள்ள மூஞ்சியக் காட்டுங்க'ன்னுதான் ஒங்கம்மா கேட்டா. இடுப்பக் காட்டச் சொல்லல!"

"ஐயோ பாட்டி, கடை வாசல்ல நின்னு கத்தாதீங்க!"

அடுத்து விழாக் குழுத் தலைவர் பாக் டார்சோனோவிடம் போனேன்.

"என்னை வற்புறுத்தாதீங்கம்மா. அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல. ஆனா அந்தக் கடைசி ஆட்டம் ரொம்ப மோசம்."

"பாக்காத படத்துக்குக் கடைசி எப்படித் தெரிஞ்சுது, பாக்?"

"யாரோ... சொன்னாங்க."

பெரியோர்களே! பாடியவள் குற்றவாளி, முகத்தை வெட்டியவன் விருந்தாளியா? அவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, இன்றைய விழாவைப் படம் பிடிக்க அவனையே அமர்த்தியிருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? மூடிக்கொள் என்கிறீர்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடித்தான் நின்றாள். அவளுக்குத் துணி போதவில்லையா, பார்த்தவர்களுக்குப் பண்பு போதவில்லையா? பெண் என்றால் பாதி உடம்பா? குரல் இல்லையா? குடும்பம் இல்லையா? கோபம் இல்லையா? இருக்கிறது! இதோ, இந்த மேடையில் நிற்கிறது!

தாய்மார்களே, பாயைச் சுருட்டுங்கள். எழுந்து முன்னால் வாருங்கள். இபு துக்கினெம், இங்கே, மேடையை ஒட்டிப் பாயை விரித்து உட்காருங்கள். தம்பிகளே, வழிவிடுங்கள், பின்னாலும் ஆடலாம். இன்னும் நெருங்கி, இடைவெளி இல்லாமல்... அப்படித்தான்!

நீ எங்கே நிற்பது என்றா கேட்கிறாய், யோயோக்? முன்வரிசையில், ஊர்த்தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நில். அங்கிருந்து இத்தனை பெண்களின் தலைக்கு மேலே உனக்குத் தெரியப்போவது அவள் முகம் மட்டும்தான்.

பாக் டார்சோனோ, எழுந்துவிட்டீர்களா? அவளைத் தடுக்க வேண்டுமானால் இந்தப் பாய்களைத் தாண்டி வாருங்கள். வரவில்லையா? அப்படியானால் அமருங்கள், பாட்டுக் கேட்கலாம்.

அடுப்படியில் வெந்த கைகளுக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர்களுக்கும் நன்றி. எல்லோர்க்கும் சலாம். விடுதலை! மெர்தேக்கா!

வெனிங், வெளியே வா. ஒலிவாங்கியைப் பிடி. மேளக்காரரே, கொட்டுங்கள்!