கணக்கில் வராத ஏழு மணி நேரம்

ஹலோ... ஆடிட்டர் சார், கேக்குதா?... ம், சொல்லுங்க... ஆமா, அந்த வரிப் படிவம்தான். நாள் கணக்கெல்லாம் பக்காவா இருக்கும் சார். லேப்டாப்பத் தூக்கிட்டு நாடு நாடா சுத்துறவனுக்கு வேற என்ன தெரியும்? போன வருஷம், ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும், சொந்த நாட்டுல நூத்தி எண்பத்திரெண்டு நாள். மேல ஒரு நாள் கூடல... ஆமா, ஆமா, கூடினா உலகம் பூரா சம்பாதிச்சதுக்கும் இங்க வரி. அது தெரியாமலா...

எந்தத் தேதி?... டிசம்பர் இருபதா...

இல்ல சார், எறங்கினேன், வெளிய வரல. விமானம் மாறணும், ஏழு மணி நேரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமே உக்காந்துட்டேன். பாஸ்போர்ட்ல முத்திரை குத்திட்டா நூத்தி எண்பத்து மூணாயிடுமே...

என்னது?... இருங்க, இருங்க. மறுபடியும் சொல்லுங்க... ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாட்டுக்குள்ள இருந்தாதான் ஒரு நாளா?... காலையில வந்து சாயங்காலம் போனா கணக்குலயே வராதா?... சும்மா சொல்லாதீங்க சார்!... இல்ல, உங்க மேல எதுக்குக் கோவம்... உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி நானே அட்டவணை போட்டு வச்சிக்கிட்டேன்...

அன்னைக்கு அப்பா ஆஸ்பத்திரியில சார். ஏர்போர்ட்ல இருந்து அரை மணி நேரம்தான்... போன் பண்ணி, வெளிநாட்டுல இருக்கேன்பா, ஜனவரி ஒண்ணாந்தேதி வந்துடறேன்னேன். அப்பப் பாத்து பின்னாடி அறிவிப்பு. ஒரு பொம்பளக் குரல், நம்ம ஊர் பேரச் சொல்லி வரவேற்குது... கேட்டுட்டாரு சார். கேட்டுட்டு, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரிப்பா, நீ வேலையப் பாரு"ன்னாரு...

ம்... முப்பத்தொண்ணாந்தேதி போயிட்டாரு. நான் சொன்ன மாதிரியே ஒண்ணாந்தேதி வந்து எறங்கினேன்...

அந்தக் குரல் என்னை விடவே மாட்டேங்குது சார். எந்த நாட்டுல படுத்தாலும், கண்ண மூடினா அதேதான்...

என்ன சார்?... உங்களுக்கும் கேட்டுச்சா?... இல்ல, இது நெசமாவே... ஆமா. இங்கதான் இருக்கேன். மறுபடியும் விமானம் மாறணும். அதே வரிசை நாற்காலி... அஞ்சு மணி நேரம் இருக்கு... வெளிய போலாமா? கணக்குல வராதா?...

வீட்டுச் சாவி பையிலதான் கெடக்கு...

யாரப் பாக்க சார்?...

சார்?... லைன்ல இருக்கீங்களா?... நீங்களும் பேசாம இருக்காதீங்க சார்... ஹலோ?...