இறக்கம் பார்த்து நின்ற கார்

எங்கள் கூக்கால் மலைக் குளிரில் மனிதனே ஒரே கூப்பிடலில் எழுந்திருக்க மாட்டான், சார். கார் எழவில்லை என்றால் அதற்காக யாரும் பதறுவதில்லை. அதனால்தான் இங்கே எல்லோரும் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துகிறோம். உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும்.

தனசேகர் காரோடு ஏரிக்குள் போனதும் அப்படியொரு இறக்கத்தில்தான். அவனோடு போய்ச் சேர்ந்த இரண்டு பேரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பூண்டு விற்றுப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தான். என்னைவிட இருபது வயது இளையவன். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எனக்கே மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்க வந்த மேதை.

"ஏலே சோலைமலை, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பிளக்குதான் போயிருச்சு. அத மட்டும் மாத்து, வேற எதையும் நோண்டாத."

முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் நான். பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாயில் விரிசல். குளிரில் ரப்பர் விறைத்தால் விரிசல் வாயைத் திறக்கும், இன்ஜின் பிடிக்காது. சூடேறினால் மூடிக்கொள்ளும். அந்தக் குழாயோடு, இன்ஜின் ஓடாமல் வண்டி உருண்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஏறி மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. புதுக் குழாய் என் பெட்டியிலேயே இருந்தது.

நோண்டாதே என்றான். நோண்டவில்லை. பிளக்கை மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளனே அவன் வீட்டு வழியாக வந்தேன். சாவியைத் திருகித் திருகி பாட்டரியையும் தீர்த்திருந்தான். கார் நின்ற இறக்கத்துக்குக் கீழே ஏரி வளைவு. அவன் மனைவி கலைமணி பின்சீட்டில், மடியில் மூன்று வயது மகள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, சார். அதற்குள் அவன் கண்ணாடியை இறக்கி, "பிளக்கு மாத்துன லட்சணத்தப் பாரு. என்னலே வேடிக்கை?" என்றான். பேசாமல் நின்றேன்.

கலைமணிதான் தலையை நீட்டினாள். "அண்ணே, பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுண்ணே. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு கை தள்ளிவிடுங்கண்ணே."

அந்த வீட்டில் என்னை மதித்துப் பேசிய ஒரே ஆள் அவள். மரியாதையாகக் கேட்டவர்களுக்கு நான் எந்த வேலையையும் மறுத்ததில்லை, சார். தள்ளிவிட்டேன்.