எழுப்பினால் வராத வைஃபை

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்களில் இது சாதாரணமாக வரும் கோளாறுதான், சார். ஹைபர்னேட் ஆகும்போது, திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் அணைந்துவிடும். மறுபடி எழுப்பினால் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும், வைஃபை மட்டும் வராது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஒரு தடவை கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு வரிக் கட்டளை, அவ்வளவுதான்.

என் தங்கை பெனிஷாவின் லேப்டாப்பில் அதைச் சரிசெய்து கொடுத்தவனே நான்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மெஷின் எழுந்ததும் அந்த இரண்டு வரியும் தானாக ஓடும்படி ஒரு ஃபைல் எழுதி வைத்தேன். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன கிறிஸ்துமஸ் கழிந்து, முகிலனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். லாஸ்பேட்டைப் பையன், நல்ல வேலை. எங்கள் மாதா கோவில் ஆள் இல்லை. அப்பா அம்மா போன பிறகு முடிவெடுக்க வேண்டியவன் நான். கை நீட்டவில்லை, சத்தம் போடவில்லை. அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். காலையில் கிளம்பும்போது கருவடிக்குப்பம் வீட்டை வெளியே பூட்டினேன். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை அவளுக்கு, அதனால் லேப்டாப்பை விட்டுவைத்தேன். யாருக்கு என்ன எழுதினாள் என்று சாயங்காலம் பார்த்துவிடுவேன். முகிலனுக்கு ஒரே ஒரு தடவை எழுதியிருந்தாள்: “அண்ணன் மனசு மாறும். சண்ட வேணாம்.”

அன்றைக்குத்தான் அந்த ஃபைலை எடுத்தேன். நான் பழுது எதையும் உண்டாக்கவில்லை, சரிசெய்திருந்ததை நீக்கினேன். பத்து நிமிடம் தொடாவிட்டால் ஹைபர்னேட் ஆகும்படி வைத்தேன். கட்டளை போடக் கேட்கும் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவள் எழுந்து போனால் சாயங்காலம் நான் வரும்வரை நெட் இருக்காது. ஒரு பெண்ணை அடங்கி உட்கார வைக்க இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போதுகூட அவள் இடது கை டச்பேடில் இருந்தது.

“ஏண்ணா, முன்னல்லாம் தானா வந்துடும்ல?” என்று கேட்டாள்.

“மெஷின் பழசாயிட்சுமா. எழுந்து போவாம இரு.”

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, மூச்சு முட்டினால் மருந்து பஃப் இழுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில், “பஃப் தீரப் போவுதுண்ணா, வரும்போது வாங்கினு வந்துடு” என்றாள். சரி என்றேன்.

பிறகு நடந்தது லேப்டாப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பத்து ஐம்பத்திரண்டுக்கு ஹைபர்னேட் ஆகியிருக்கிறது. ஆவி பிடிக்க வெந்நீர் வைக்க எழுந்திருப்பாள், அடுப்பில் பாத்திரம் இருந்தது. பதினொன்று ஒன்பதுக்கு எழுப்பியிருக்கிறாள். பதினான்கு தடவை நெட்வொர்க்கைத் தேடியிருக்கிறாள். பிறகு என் கட்டளையை அடித்திருக்கிறாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நான் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தே கற்றிருக்கிறாள், கெட்டிக்காரி. பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. ஒன்பது முறை தப்பு. பதினொன்று முப்பத்தொன்றுக்குப் பிறகு அவள் தொட்டதாகப் பதிவு இல்லை.

ஆறு மணிக்கு மருந்தோடு வந்தேன். மேசைக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள், உடம்பு ஜில்லிட்டிருந்தது. யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த ஃபைலைத் திரும்ப வைத்து லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். வைஃபை தானாக வந்தது. உடனே பாக்கெட்டில் என் போன் அதிர்ந்தது. பதினொன்றரைக்கு அவள் எழுதி, போகாமல் நின்ற மெயில். முகிலனுக்கு இல்லை, எனக்கு.

“அண்ணா மூச்சு வுட முடில. சீக்கிரம் வா.”

அந்த ஃபைலை அன்று சாயங்காலம்தான் திரும்ப வைத்தேன் என்று அதில் இருந்த நேரத்தை வைத்து உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பூட்டியதும் நான், போனை எடுத்ததும் நான், நெட்டை நிறுத்தியதும் நான். என் தங்கையைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். கடைசிவரைக்கும் அவள் ஓடிப்போகவில்லை.