நட்டவர்களே, வெட்ட வாருங்கள்

வீசுகிற மேல்காற்றில் பந்தல் பறந்துவிடுமோ என்று ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைக் கூட்டத்திலேயும் வைத்துத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் புளியங்குடி எலுமிச்சை மண்டி கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்களே. மாலை வாங்கிய கையோடு மண்வெட்டியும் வாங்கிக் கன்று நட்டு, புகைப்படத்துக்கும் பொறுமையாக நின்று கொடுத்த குளத்தோப்புத் திட்ட அலுவலர் ஐயா அவர்களே. ராயகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் இந்தச் சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் கால்கடுக்க நின்றுகொண்டே வந்து சேர்ந்த பெரியோர்களே. இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாக வந்திருக்கும், என்னைப் பெறாமல் பெற்ற தாய்மார்களே. உங்கள் அனைவருக்கும் மேலச்சாத்தாங்குளம் பஞ்சாயத்து உறுப்பினன் துரைப்பாண்டியின் வணக்கம்.

இது மரம் நடு விழா. மரத்தின் பெருமையைப் பேசு என்று என்னை அழைத்தார்கள். நிழல் தரும் மரம், நீர் தரும் மரம், நெஞ்சுக்கு நிம்மதி தரும் மரம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் மரத்தை வெட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என்ன அங்கே முனகல்? தாராளமாக முனகுங்கள். நான் பேசி முடித்த பிறகும் முனகத் தோன்றினால் மேடைக்கு வாருங்கள், மைக்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

கார்த்திகையில் நிறைந்து சித்திரையில் வெடித்துக் கிடக்கும் குளம் எங்கள் ஊர்க் குளம். எழுபதாம் ஆண்டில் குளத்தோப்புத் திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். குளத்துக்குள் கருவேல் வளர்க்கலாம், தண்ணீர் நின்றாலும் சாகாது, பத்து ஆண்டில் வெட்டலாம், விளைச்சலில் ஊருக்கும் பங்கு உண்டு என்றார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஊரார் கட்டடம் கட்டிக் கொடுத்தால் எட்டாவது வரை தருகிறோம் என்று அப்போது கல்வி இலாகாவின் வாக்கு ஒன்று இருந்தது. சாஸ்தா கோயில் வாசலில் ஊர் கூடியது. குளத்து மரம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரே குரலில் முடிவானது.

கன்றை ஆடு கடிக்கக் கூடாதே, விறகுக்கு ஒடிக்கக் கூடாதே, அதற்கு என்ன வழி? எங்கள் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கன்று வைத்தோம். மஞ்சள் துணி கட்டினோம். ஆடு மேய்க்கிறவர்கூட அந்தப் பக்கம் ஆட்டை விடவில்லை, அவர் பிள்ளைக்கும் அங்கே மரம் நின்றது. ஒரு கன்று சாகவில்லை ஐயா.

அதுதான் வினையாகப் போயிற்று.

நாலாம் ஆண்டில் ஓர் அலுவலர் வந்தார். இந்த ஐயா இல்லை, இவருக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர். நெருக்கமாக நிற்கிறது, நோஞ்சானையும் கோணலையும் எடுத்துக் கலைத்துவிட வேண்டும் என்றார். ஊர் கொதித்தது. வள்ளித்தாய் என்று எங்கள் ஊர்ப் பெண், இதோ தாய்மார் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மூத்த மகள் பூமாரியின் பெயரில் வைத்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

“எம் பிள்ள பேரச் சொல்லி வச்ச மரம் சார் இது. இதுல அருவா வைக்க வாரீங்களே, உங்களுக்குப் பிள்ளகுட்டி இல்லியா?”

ஊரே வள்ளித்தாய்க்குப் பின்னால் நின்றது. அந்த அலுவலர் என்ன செய்தார் தெரியுமா? “சரிம்மா, உங்க இஷ்டம்” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். அதோடு ஐந்து வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இதை எடுக்காவிட்டால் எந்தப் பிள்ளையின் மரமும் தேறாது தாயே என்று சொல்ல அவருக்கு வாய் இல்லையா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே அவருக்குச் சம்பளம்?

தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். பருத்தி விதைத்துக் குத்துக்கு நாலு முளைத்தால் நாலையும் விட்டுவைப்பீர்களா? களைக்கொத்தை எடுத்துக் களை வெட்டும்போதே நோஞ்சானைப் பிடுங்கி எறிகிறீர்கள். முளைத்த பருவத்தில் செய்கிறீர்கள். அதையும் அளவாகச் செய்கிறீர்கள். காய் பிடித்த பிறகு ஒருத்தி கலைக்க வந்தால் அவளை என்ன சொல்வீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். கிறுக்கி என்கிறார் அந்த அம்மாள். கேட்டுக்கொள்ளுங்கள் அலுவலர் ஐயா. பருத்தியில் இருந்த புத்தி நமக்கு மரத்தில் எங்கே போயிற்று? பருத்திச் செடிக்கு நாம் பெயர் வைக்கவில்லை, அதனால் கை தயங்கவில்லை.

கலைக்காத தோப்பு என்ன ஆயிற்று? வெளிச்சத்துக்கு ஒன்றையொன்று முந்தி எல்லா மரமும் உயர்ந்தது, எந்த மரமும் பருக்கவில்லை. உச்சியில் ஒரு பிடி இலை, கீழே மூங்கில் கழிபோல் ஓர் உடம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் காடு. கிட்டே போய்ப் பிடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

ஒன்பதாம் ஆண்டில் திட்ட ஆபீசுக்கு முழிப்பு வந்தது. பொறுத்தது போதும், கலை என்று உத்தரவு வந்தது. ஏலம் எடுத்தவன் ஆட்களோடு இறங்கினான். எதை எடுக்க வேண்டும்? நோஞ்சானை. எதை எடுத்தான்? ஓரத்தில் வெளிச்சம் பட்டுக் கொஞ்சம் பருத்திருந்ததை எல்லாம் எடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாகவா எடுத்தான்? மூன்றில் இரண்டு பங்கை ஒரே மூச்சில் சாய்த்தான். நல்லதெல்லாம் லாரியில் ஏறிப் போயிற்று, ஒல்லியெல்லாம் குளத்தில் நின்றது. நாலாம் ஆண்டில் மரத்தைக் கட்டிப் பிடித்த ஊர் அப்போது எங்கே போனது என்று கேட்பீர்கள். கட்டிய மஞ்சள் துணி என்றைக்கோ மக்கிப் போயிருந்தது. எது யார் பிள்ளையின் மரம் என்று ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை ஐயா.

அந்த ஆடியில் மேல்காற்று வந்தது. இதோ இந்தப் பந்தலை ஆட்டுகிறதே, இதே காற்று. அதுவரை ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்ற மரங்களுக்குச் சாய ஆள் இல்லை. மறைத்து நின்ற ஓரத்து மரங்களும் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் தோப்பு குளத்துக்குள் படுத்துக் கிடந்தது. பத்து வருஷத்துப் பாடு அடுப்புக்குப் போனது. ஊர்ப் பங்காகக் கையில் வந்த காசுக்குப் பள்ளிக்கூடம் அடித்தளத்தோடு நின்றது. இன்றைக்கும் அதன்மேல் ஆடு ஏறி நிற்கிறது.

பூமாரி ஐந்தாவது முடித்த வருஷம் அது. வகுப்பில் முதல் பிள்ளை. இப்போது விடியுமுன் ஊருக்குள் வேன் வருகிறது, தீப்பெட்டி ஆபீசுக்கு ஏறிப் போகிறாள், இருட்டிய பிறகு வந்து இறங்குகிறாள். நாள் முழுக்கத் தீக்குச்சி அடுக்குகிறாள். அந்தக் குச்சியும் எங்கோ எவரோ வளர்த்த மரம்தான். யாரைக் கேட்பது? கலைக்க வந்தபோது விடாத எங்களைக் கேட்பதா, விடாதபோது சொல்லாமல் போனவரைக் கேட்பதா, சாய்க்கக் கூடாததைச் சாய்த்தவனைக் கேட்பதா?

கைதட்ட வேண்டாம். இது கைதட்டுகிற இடம் இல்லை.

எண்பதில் மறுபடி நட்டோம். புத்தி வந்ததா? மறுபடியும் பெயர் வைத்தோம். வள்ளித்தாயின் சின்ன மகள் கோமதித்தாய்க்கும் ஒரு மரம். இது எண்பத்து நாலு. தோப்பு நெருங்கி, கிளையோடு கிளை பின்னி நிற்கிறது. கலைக்க வேண்டிய பருவம் இதுதான். இப்போது மூன்றில் ஒன்று, இரண்டு வருஷம் கழித்து இன்னும் கொஞ்சம், மேற்கு ஓரத்து மரங்களைக் காற்று மறைப்புக்குத் தொடாமல் விட வேண்டும். அப்படிச் செய்தால் மிச்சம் நிற்பது தூண் தூணாகப் பருக்கும். கேட்டுப் போனால் திட்ட ஆபீசில் என்ன பதில்? இப்போது வெட்டினால் ஏலத்துக்குத் தேறாதாம், பருத்த பிறகு பார்க்கலாமாம். கலைக்காமல் எப்படி ஐயா பருக்கும்? காத்திருந்து காத்திருந்து மறுபடியும் காற்றுக்கா கொடுக்கச் சொல்கிறீர்கள்?

அலுவலர் ஐயா, எழுந்திருக்க வேண்டாம். டீ வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் குளத்துக்குள் வள்ளித்தாய் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கோமதித்தாயின் மரம் அடியிலேயே கோணல். அதை இடித்துக்கொண்டு நேராக நிற்பது இசக்கித்தாய் வீட்டு மரம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது ஊருக்கே தெரியும்.

“அண்ணாச்சி, மொத அருவா எம் பிள்ள மரத்துல விழட்டும்” என்றார் வள்ளித்தாய். “நானே வெட்டுதேன். அதுக்குப் பெறவு எவ வந்து தடுக்கான்னு பாப்போம்.”

“யோசிச்சுத்தான் சொல்லுதியா தாயி? இசக்கித்தாய் வீட்டு மரம்லா அதுல பருக்கும்?” என்றேன்.

“பருக்கட்டும். ஒருத்தி மரத்தக் கட்டிப் பிடிச்சு அவ படிப்பத் தொலைச்சேன். இன்னொருத்தியயும் வேன்ல ஏத்தச் சொல்லுதியளா?”

இதை மேடையில் சொல்லலாமா தாயி என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

கோமதித்தாய் இப்போது ஒன்றாவது படிக்கிறாள். அவள் ஐந்தாவது முடிக்கும்போது தோப்பு வெட்டுக்கு வர வேண்டும், அடித்தளத்தின்மேல் சுவர் ஏற வேண்டும். அதற்கு இந்த மழைக்கு முன்னால், குளத்தில் தண்ணீர் ஏறுமுன், கலைத்தாக வேண்டும். ஆகவே அலுவலர் ஐயா அவர்களே, உத்தரவை இந்த மேடையிலேயே கொடுத்தால் தலைவணங்கி வாங்கிக்கொள்கிறேன். கொடுக்காவிட்டாலும் நாளைக் காலையில் எங்கள் ஊர் குளத்துக்குள் இறங்கும். வழக்குப் போடுவீர்கள் என்றால் முதலில் என் பெயரை எழுதுங்கள். இரண்டாவது பெயர் வேண்டுமா? வள்ளித்தாய், எழுந்து நில்லும் தாயி. இவர் கையில் துணி சுற்றி வைத்திருப்பது அரிவாள். இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில் இந்தச் சங்கரன்கோவில் கடைத்தெருவில் சாணை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மரம் நடு விழாவில் வெட்டச் சொன்னவனைப் பாதியில் இறக்கிவிடாத தலைவர் அண்ணாச்சிக்கும், காற்றையும் மண்ணையும் கண்ணில் வாங்கிக்கொண்டு கேட்ட உங்களுக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வள்ளித்தாய்க்குப் பின்னால் தாய்மார் வரிசையில் இன்னொருவரும் எழுந்து நிற்கிறார் என்று தலைவர் கை காட்டுகிறார். அவர்தான் இசக்கித்தாய், மூன்றாவது பெயராக எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.