கதவுக்கு எதற்குச் சூடு

அன்று மாலை குளிர் அறையின் முன்னால் நின்றவர்கள் நான், என் தம்பி, என் ஒரே மகள், மெக்கானிக், லாரி ஓட்டுகிற நெட்டையன். மாப்பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். வாட்ச்மேனை இதில் இழுக்க வேண்டாம். அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

உறைந்த காய்கறியும் ஐஸ்கிரீமும் வைக்கிற கிடங்கு எங்களுடையது. என் அப்பா பெயரில் நடப்பது. கரண்ட் பில் எங்களை விழுங்கிக்கொண்டிருந்தபோது, கடையை மூடலாமா என்று தம்பியே கேட்டான். மூட விடவில்லை. வராந்தாவில் பாதி டியூப் லைட்டுகளைக் கழற்றினேன். ஆபீஸில் ஏசியை நிறுத்தினேன். என் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைத்தான் முதலில் அணைத்தேன். சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்து வேலை பார்த்தவன், அடுத்தவரைச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது.

குளிர் அறைக் கதவின் சட்டத்துக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ரப்பர் விளிம்பில் ஈரம் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்துகிற மணியும் அதே இணைப்பில்தான். காசு கொடுத்துக் குளிரவைக்கிற அறைக்குக் காசு கொடுத்துச் சூடும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அணைத்தேன்.

மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். ஆட்கள் எல்லோரும் இருந்த கூட்டத்தில், மரியாதையாகத்தான் சொன்னார்.

“மாமா, மத்தது எல்லாத்தையும் அணைங்க. அந்தக் கம்பியை மட்டும் விட்டுடுங்க.”

அன்றே போட்டுவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொன்னேன். போடவில்லை. சுவிட்ச் என் அறையில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. என் சொல்லைச் சரிபார்ப்பது எங்கள் இடத்தில் வழக்கமில்லை.

சம்பவத்தன்று மதியம் கிடங்கைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசற்படியெல்லாம் ஈரம். மாப்பிள்ளை வெறும் சட்டையோடு உள்ளே போனார், எதையோ பார்த்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்று. கதவைத் திறந்தே விட்டிருந்தார். திறந்த கதவை யார் பார்த்தாலும் சாத்த வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நான் சாத்தினேன். அவர் உள்ளே இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நம்பலாம்.

மாலையில் மகள் அவரைத் தேடி வந்தாள். போன் எடுக்கவில்லை என்றாள். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் கிடையாது. நெட்டையன்தான் கதவில் காது வைத்துவிட்டு, உள்ளே யாரோ தட்டுகிறார்கள் என்றான். தம்பிக்கு எல்லாமே விளையாட்டு.

“மாப்பிள்ளை ஐஸ்கிரீமைத் தீர்த்துட்டுத்தான் வருவாரு போல,” என்றான்.

இழுத்தபோது கதவு அசையவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

நெட்டையன் வெந்நீர் ஊற்றலாம் என்றான். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கம்பி ஓடுதுல்ல ஐயா?”

“ஓடுது.”

அப்படியானால் பனி இல்லை, பூட்டுதான் கோளாறு என்று அவர் முடிவுகட்டினார். கைப்பிடியைக் கழற்றினார். கீலைக் கழற்றினார். நல்ல வேலைக்காரர். பொருள் ஒவ்வொன்றையும் வரிசையாகத் தரையில் வைத்தார்.

சத்தமில்லாமல் போய் சுவிட்சைப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். கம்பி சூடானால் சட்டம் வியர்த்துவிடும். மெக்கானிக் கண்ணுக்கு அது தப்பாது. ஐயா சொன்னது பொய் என்று ஆட்கள் முன்னால் ஆகிவிடும். என் மகளும் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நிமிடமும் கதவு கழன்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிடமும் அப்படியே நினைத்தேன்.

தட்டல் மெலிந்துகொண்டே வந்தது. மகள் உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா.”

“பண்ணிட்டுத்தானேம்மா இருக்காங்க.”

சுவரை அறுக்கலாமா என்று தம்பி கேட்டபோது உடனே சம்மதித்தேன். உள்ளே இருந்த சரக்கு முழுக்கக் கெட்டுவிடும் என்று தெரியும். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அறுக்கிற மெஷினுக்கு நெட்டையன் போய் வருவதற்குள் தட்டல் நின்றிருந்தது. அதன் பிறகு அந்த இடத்தில் மெக்கானிக்கின் ஸ்பானர் சத்தம் மட்டும்தான். மகள் கையை எடுக்கவில்லை. நான் அவள் பின்னால் நின்றேன். சுவிட்ச் பெட்டியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

சுவிட்ச் அணைந்தே இருந்தது பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயதாகிவிட்டது, பதற்றத்தில் சுவிட்ச் ஞாபகம் வந்திருக்காது, பாவம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். மகளும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அது தவறு. எனக்கு ஞாபகம் இருந்தது.