வேன் குடிக்கட்டும், வீடு குடிக்க வேண்டாம்

வெள்ளவத்தை மதுவொழிப்பு மன்றத்தின் மதிப்புக்குரிய தலைவர் இரத்தினசிங்கம் ஐயா அவர்களே, மணம் பிடிப்பதில் வல்லவரான செயலாளர் சிவக்கொழுந்து அன்ரி அவர்களே, கொட்டாஞ்சேனையில் தமது கராஜைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் இப்றாஹிம் நானா அவர்களே, தெளிந்த அறிவுடைய பெரியோர்களே, தெளியாத கணவர்மாரையும் தெளிய வைத்த தாய்மார்களே, பற்றிஸ் பலகாரத் தட்டு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்திருக்கும் பின்வரிசை நண்பர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. மைக்கும் புதிது. ஓம், ஓம், கிட்டப் பிடிக்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

இந்த மேடையில் எவரும் செய்யாத ஒன்றைச் செய்ய வந்திருக்கிறேன். மதுவொழிப்பு மன்றத்தில், மதுசாரத்துக்காக வாதாட வந்திருக்கிறேன். எழும்பாதீர்கள் ஐயா! குடிப்பதற்காக அல்ல, அம்மாவின் வேனுக்காக.

என் அம்மா நிஷாந்தினியை உங்களுக்குத் தெரியும். கொழும்புக் காலி வீதி நெரிசலில் உங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். என்னைப் படிக்க வைத்தது அந்த வேன். படித்ததை எங்கே பரீட்சித்துப் பார்ப்பேன்? அந்த வேனில்தானே! பெற்றோலில் ஓடியதைக் கரும்பிலிருந்து வரும் எதனோல் என்ற மதுசாரத்தில் ஓட வைத்தோம். ஆய்வுக்கான அனுமதி பெற்று, எவரும் குடிக்க முடியாதபடி கசப்பு மருந்து கலந்த எதனோலில்.

நான் சூத்திரம் சொன்னேன், நானா ஸ்பனர் பிடித்தார். எதனோல் கூடுதலாக வேண்டும் என்பதால் எஞ்சினுக்கு எரிபொருள் விடும் காபரேற்றரின் துளையைப் பெருப்பித்தோம். ஊதிப்போகக்கூடிய பழைய இறப்பர் குழாய்களை மாற்றினோம். தீப்பொறி சற்று முந்தி விழும்படி செய்தோம்.

"என்ன மகள், பெற்றோல விட இது கூடக் குடிக்குமா?" என்று கேட்டார் நானா.

"ஓம் நானா, கொஞ்சம் கூடத்தான்."

"அப்ப சரி. மதுசாரம் எண்ட பேருக்கேத்த குணம்தான்!"

"நானா, இதில வேலை செய்யிறது உங்களுக்குப் பிரச்சினை இல்லையா?"

"நான் இத வாய்ல வெக்க மாட்டேன் மகள். அதுக்காக வேன்ட வாய்லயும் வெக்கப்படாதா?"

வேன் இருமியது, தும்மியது, பிறகு பாடிக்கொண்டு புறப்பட்டது.

அந்தப் பாட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒருநாள் காலை சிவக்கொழுந்து அன்ரி பேத்தியை ஏற்ற வந்தார். வேனின் பின்னால் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"நிஷாந்தினி, விடியக் காலமை இதென்ன மணம்?"

"எதனோல் அக்கா."

"அதெண்டால்?"

அம்மா என்ன சொல்லியிருக்கலாம்? கரும்பு எண்ணெய் என்றிருக்கலாம். புது மருந்து என்றிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத அம்மா, "சாராயத்தில இருக்கிறதுதான் அக்கா" என்றார்!

சிரிக்கிறீர்கள். அடுத்த நாள் அம்மா சிரிக்கவில்லை. வேனில் ஏறியது இப்றாஹிம் நானாவின் மகள் நிம்றா ஒருத்திதான். மற்ற ஆசனங்களெல்லாம் வெறுமையாகக் காலி வீதி பார்த்தன.

"பெற்றோலுக்கே மாத்து பிள்ளை" என்று உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். மாற்றலாம். அம்மா சம்மதிக்கவில்லை. "மாத்தினா, நான் ஏதோ பிழை செய்தனான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. அதைவிட வேனை வித்துப்போட்டு வீட்டில இருக்கிறன்" என்கிறார். இன்று இந்தச் சபை சொல்வதுதான் முடிவு.

தாய்மார்களே, ஒன்று கேட்கிறேன். போரில் பிடிபட்ட எதிரியைச் சும்மா இருத்திச் சோறு போடுவோமா? வேலை வாங்க மாட்டோமா? எத்தனை வீடுகளில் ஆண்களை வேலைக்குப் போகவிடாமல் படுக்க வைத்தது இந்த மதுசாரம்! எத்தனை பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தது! இனி அது படுத்திருக்க வேண்டாம். விடியற்காலை எழும்பட்டும். வேலைக்குப் போகட்டும். கெடுத்த படிப்புக்கு ஈடாக, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விடட்டும்! தொண்டையில் இறங்கினால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். தாங்கியில் இறங்கினால் வண்டி ஓடும். எது வேண்டும் உங்களுக்கு?

யாரது பின்னால்? "மணம் வருதே பிள்ளை" என்கிறீர்களா? வரும் ஐயா. ஆனால் இந்த மணத்தோடு வருகிறவர் தள்ளாடமாட்டார், ஏசமாட்டார், நேரத்துக்கு வந்து நிற்பார்!

நாளை காலை பிள்ளையை அம்மாவின் வேனில் அனுப்பச் சம்மதிக்கிறவர்கள், தயவுசெய்து கையை உயர்த்துங்கள்.

ஒருவருமில்லையா?

மேடையில் ஒரு கை... சிவக்கொழுந்து அன்ரி! என்ன அன்ரி? மைக்கில் சொல்லுங்கள்.

"யன்னல் சீற் இருக்கோ எண்டு கொம்மாவைக் கேள். பேத்தி வேற சீற்றில இருக்கமாட்டாள்."

இருக்கிறது அன்ரி! எல்லா யன்னலும் இருக்கிறது! அதோ, இன்னொரு கை. அந்த மூலையில் இரண்டு. பொறுங்கள், பொறுங்கள், யன்னல்கள் முடியப் போகின்றன!

செவி தந்த சபைக்கும், கை தந்த தாய்மாருக்கும், கடைசி வரிசையில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருக்கும் என் சாரதிக்கும் நன்றி. அம்மா, எழும்புங்கோ. காலமை வெள்ளன வேன் எடுக்க வேணும்.

வணக்கம்.