கண்ணாடியில் எழுதும் பெயர்

தோல் ஊறும் ஆவாரம்பட்டை வாடை எங்கே வந்தாலும் திண்டுக்கல்லின் அந்த மேட்னி சினிமா வரிசை எனக்குள் மறுபடி நீள்கிறது. தரை டிக்கெட்டுக்கு நின்ற எனக்கு முன்னால், அதே வாடை வீசும் வேலைச் சட்டையோடு இருவர்.

"பொண்டாட்டி பிரசவ ஆஸ்பத்திரியில கெடக்கா, நான் சிரிக்கப் போறேன்," என்றான் இளையவன்.

"நீ நடந்த நடையில நர்சம்மாவுக்கே தலை சுத்திருச்சு, மாப்ளே. அவ என் தங்கச்சி, எனக்கு இல்லாத பயமா? வயிறு வலிக்கச் சிரிக்கிற படமாம். செத்த நேரம் பாரு. சேதி வந்தா படம் ஓட்டுற ஆபரேட்டர்ட்ட ஓடியாந்து சொல்றேன். கண்ணாடிச் சில்லுல எழுதி, திரையில படத்து மேலயே 'காதர்'னு உன் பேரக் காட்டுவாரு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி 'வெளியே வரவும்'னுதான் எழுதுவாக. நல்லதா கெட்டதான்னு தெரியாம வாசல் வரைக்கும் எப்படி மச்சான் நடந்து வருவேன்?"

டிக்கெட் ஜன்னல் திறந்தது, வரிசை முண்டியது. வாங்கிய ஒற்றை டிக்கெட்டை மூத்தவர் அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நல்ல சேதின்னா, புள்ளைக்கு அத்தா ஆயிட்டேன்னு தெரிய 'அத்தா காதர்'னு எழுதச் சொல்றேன்."

"வெறும் காதர்னு வந்தா?"

"வராது. உள்ள போ, மாப்ளே."